சாமி கூட்டி வந்தது சரி, எந்த வழியாக?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாசி மகா சிவராத்திரி நெருங்கினால் பத்திரிகைகளின் ஆன்மிகப் பக்கத்துக்கு இரண்டு வகைக் கடிதங்கள் வரும். ஒன்று, "எங்களுக்குக் குலதெய்வம் எதுவென்று தெரியவில்லை, என்ன செய்வது?" இன்னொன்று, "எங்கோ பிறந்து எங்கோ பிழைக்கிறோம், சாமிதான் இங்கே கொண்டுவந்து சேர்த்தது." முதல் கடிதத்துக்குப் பெரும்பாலும் கிடைக்கிற பதில் "குறி கேளுங்கள், இல்லையென்றால் பூக்கட்டிப் பாருங்கள்" என்பது. பூக்கட்டிப் பார்ப்பது என்றால் இரண்டு நிறப் பூவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, ஒரு பிள்ளையை ஒன்றை எடுக்கச் சொல்வது. இரண்டாவதற்குப் பதிலே தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனை. எந்த ஊரிலிருந்து, எதனால், எந்த வழியாக வந்தோம் என்று தெரிந்தால் குலதெய்வமும் தெரிந்துவிடும். சாமி கொண்டுவந்தது என்று சொல்வதற்கும் ஒரு கணக்கு இருக்கும்.

நம் பக்கத்துக் கோயில்களின் தலவரலாற்றைப் பூசாரி வாயால் கேட்டுப் பாருங்கள். சாமி வழிகாட்டியது என்று வருவது குறைவு. வழிமறித்தது என்றுதான் வரும். தலைச்சுமையாகக் கொண்டுவந்த கூடையை இளைப்பாற இறக்கினார்கள், திரும்பத் தூக்க முடியவில்லை. கிழங்கு தோண்டினார்கள், கடப்பாரை பட்ட கல்லில் ரத்தம் கசிந்தது. பால்காரர் தினமும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தார். ஊர் மாறும், சாமி பெயர் மாறும், இந்த மூன்றில் ஒன்று மாறாது. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு கூட மலையாளத்திலிருந்து கொள்ளையடிக்க வந்த கூட்டத்தோடு வந்து, அழகரைப் பார்த்ததும் போக மனமில்லாமல் காவலுக்கு நின்றுவிட்ட சாமி என்பதுதான் வழக்கு. மேலூருக்குப் பக்கத்துத் திருவாதவூர்க்காரரான மாணிக்கவாசகர், பாண்டியன் கொடுத்த பணத்தோடு குதிரை வாங்கக் கிளம்பியவர், பெருந்துறையில் நின்றுவிட்டார். குதிரை வரவில்லை, நரிதான் வந்தது, அதற்குப் பிறகு வைகையே கரை உடைந்தது. ஆவணி மூலத்தன்று புட்டுத்தோப்பில் கூடுகிற கூட்டத்துக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. போன காரியம் கெட்ட இடத்தைத்தான் நம் ஆட்கள் சாமியின் இடம் என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். காரியம் நடந்த இடத்துக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

ஆகவே குலதெய்வம் தேடுகிறவர்கள் முதலில் கேட்கவேண்டியது, "நம் கூடை எங்கே இறங்கியது, எதனால் இறங்கியது?" மதுரை வட்டாரத்தில் இதற்கு விடை பெரும்பாலும் நாலைந்து காரணங்களுக்குள் அடங்கும். தாது வருஷப் பஞ்சம், அதாவது 1876 முதல் 1878 வரை. பெரியாற்றுத் தண்ணீர், 1895. கள்ளந்திரிப் பக்கமும் மேலூர்ப் பக்கமும் வாய்க்கால் பாய்ந்ததும், கண்மாய் வற்றிய ஊர்களிலிருந்து நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் போனது. போனவர்களில் ஒரு பகுதி திரும்பவில்லை. பிறகு மில். ஹார்விபட்டியில் குடியேறிய குடும்பங்களின் பூர்வீகத்தைக் கேட்டால் தெற்கத்தி ஊர்கள் வரிசையாக வரும். பிறகு கொழும்பு, ரங்கூன். பர்மாவிலிருந்து 1942இல் நடந்தே வந்தவர்கள், இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலில் வந்தவர்கள். தோட்டத்துக்குப் போன குடும்பம் என்றால் தாத்தாவின் ஊரைக் கேட்பதைவிட அவரைக் கூட்டிப்போன கங்காணியின் ஊரைக் கேளுங்கள். கங்காணி தன் ஊர்க்காரர்களையும் சொந்தக்காரர்களையும்தான் முதலில் சேர்ப்பார். தாத்தா பெயர் மறந்த வீட்டில்கூடக் கங்காணி பெயர் நிற்கும், திட்டுவதற்காகவாவது.

வீட்டில் யாரைக் கேட்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குலதெய்வம் அப்பா வழி. வீட்டில் இருக்கிற அம்மாவும் அப்பத்தாவும் வேறு வீட்டிலிருந்து வாழ வந்தவர்கள். தங்கள் பிறந்த வீட்டுச் சாமியைத்தான் முதலில் சொல்வார்கள், அது தப்பில்லை, ஆனால் நமக்கு உதவாது. வாழ்க்கைப்பட்டு வெளியே போன அத்தைகளைக் கேளுங்கள், அப்பாவின் அத்தை உயிரோடு இருந்தால் இன்னும் நல்லது. கேட்கும்போது "நம்ம குலசாமி எது?" என்று நேராகக் கேட்டால் "கருப்பு" என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். சங்கிலிக் கருப்பு, முன்னோடிக் கருப்பு, சோணைக் கருப்பு, நொண்டிக் கருப்பு, ஆகாசக் கருப்பு என்று ஊருக்கு ஒரு கருப்பு இருக்கிற நாட்டில் அதை வைத்துக்கொண்டு எந்தப் பஸ் ஏறுவது? இப்படிக் கேளுங்கள்: அண்ணனுக்கு முதல் மொட்டை எங்கே எடுத்தார்கள்? காது குத்தும்போது எத்தனை பஸ் மாறிப் போனோம்? போகிற வழியில் ஆறு இருந்ததா, ரயில் கேட் இருந்ததா? கிடாய் வெட்டு உண்டா, சைவப் பொங்கல் மட்டுமா? இப்படிக் கேட்டால் பெயர் மறந்தவர்களுக்கும் வழி நினைவு வரும்.

யார் பங்காளி என்பதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இழவு விழுந்தால் நம்மோடு சேர்ந்து தீட்டுக் காக்கிறவர்கள், நாம் பெண் எடுக்கவும் கொடுக்கவும் கூடாதவர்கள், அவர்கள்தான் ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள். ஒரே சாதி, ஒரே ஊர் என்பதால் மட்டும் பங்காளி ஆகிவிட முடியாது. இதில் தவறி, மாமன் மச்சான் முறைக்காரர்களின் கோயிலில் பத்து வருஷம் வரி கொடுத்தவர்கள் உண்டு. தாத்தா வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி வந்த வீடுகளில் மாமனார் வீட்டுச் சாமியே இரண்டு தலைமுறையாகக் குலசாமி ஆகியிருக்கும்.

அடுத்தது காகிதம். பழைய கல்யாணப் பத்திரிகையின் தலையில் "துணை" என்று முடிகிற வரியைப் பாருங்கள். அச்சகத்தார் போடுகிற பிள்ளையார், முருகனுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஊர்ப் பெயரோடு ஒரு சாமி இருந்தால் அதுதான். கடை வைத்திருந்த குடும்பம் என்றால் பேரேட்டின் முதல் பக்கம். வீட்டுப் பெயர்களும் சாட்சி சொல்லும். தலைமுறைக்கு ஒரு ஒச்சு இருந்தால் ஒச்சாண்டம்மன், சோணை என்றால் சோணைச்சாமி, விருமாண்டி, மாயாண்டி, இருளாயி, ராக்கு எல்லாமே ஏதோ ஒரு கோயிலைக் காட்டுகிற கைகள்தான். ஆனால் ஒரு பெயர் ஒரு தடவை வந்தால் கணக்கில்லை. மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைக்கிற வீட்டில் ஒன்று விட்டு ஒரு தலைமுறையாக அதே பெயர் திரும்பத் திரும்ப வரவேண்டும்.

பத்திரம் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பழைய கிரயப் பத்திரங்களில் எழுதிக் கொடுத்தவரின் தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா, ஜாதி, மதம், ஜீவனம் எல்லாம் வரிசையாக வரும். கையில் பத்திரம் இல்லாவிட்டாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆள் பெயருக்கு ஓர் அட்டவணை, சொத்துக்கு ஓர் அட்டவணை என்று தனித்தனியாக உண்டு. ஏறத்தாழ எந்த வருஷம், எந்தக் கிராமம் என்று சொன்னால் தேடல் கட்டணம் கட்டி நகல் எடுக்கலாம். வருஷம் தெரியாமல் போனால் அலைய விடுவார்கள், அதில் அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். பத்திரத்தில் "மதுரை ஜில்லா" என்று இருந்தால் இன்றைய மதுரை மாவட்டத்தில் தேடுகிறார்கள். 1985 வரை திண்டுக்கல் மதுரையில் இருந்தது. 1996இல் பிரித்து அறிவிக்கும்வரை தேனியும் மதுரைதான். 1910க்கு முந்தைய பத்திரம் என்றால் ராமநாதபுரமும் சிவகங்கையும்கூட மதுரை ஜில்லா. சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் திருநெல்வேலி ஜில்லா. அந்த வருஷம்தான் இரண்டிலிருந்தும் பிய்த்து ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினார்கள். அது 1985இல் மூன்றாக உடைந்தது. அதன் பிறகு 1997 வரை விருதுநகர் மாவட்டம் காமராசர் பெயரிலும், சிவகங்கை மாவட்டம் பசும்பொன் தேவர் பெயரிலும் இருந்தன. விருதுநகரே 1923க்கு முன் விருதுபட்டி. தாலுகாவும் அப்படித்தான். உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்கள் பழைய பத்திரத்தில் திருமங்கலம் தாலுகாவில் இருக்கும், சோழவந்தான் நிலக்கோட்டையில் இருக்கும். எந்த வருஷத்துப் பத்திரம் என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு ஊரைத் தேடினால் வீண் அலைச்சல் மிச்சம்.

ஊர் தெரிந்துவிட்டால் சிவராத்திரிக்கு அங்கே போய் நில்லுங்கள். வேறு நாளில் போனால் பூட்டிய கேட்டும் ஆட்டுப் புழுக்கையும்தான் இருக்கும். சாமி பெட்டி எடுத்து வருகிற நேரத்தில் தூர ஊர்களிலிருந்து பங்காளிகள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். சாமியாடியிடம் போவதற்கு முன் வரி வசூலிக்கிறவரைப் பாருங்கள். அவர் மடியில் நீளவாக்கில் ஒரு நோட்டு இருக்கும். மூலை மடங்கி, எண்ணெய்ப் பிசுக்கேறி, தையல் விட்டு, நடுவில் சாக்கு ஊசியால் தைத்தது. தலைக்கட்டு (குடும்பத் தலைவர்) பெயர், தகப்பன் பெயர், ஊர், வரி, பாக்கி என்று ஐந்து பத்தி. பழைய பக்கங்களில் பெயருக்கு நேராக "கொழும்பு" என்றோ "மதுரை மில்" என்றோ ஒற்றைச் சொல் கிடக்கும், அதற்குப் பிறகு வருஷா வருஷம் பாக்கிப் பத்தியில் பாக்கி இல்லை என்று ஒரு கோடு. அந்தக் கோடு நின்ற வருஷம்தான் உங்கள் குடும்பம் அந்தக் கோயிலை விட்ட வருஷம். தாத்தா பெயரும் அவர் தகப்பன் பெயரும் நோட்டில் சேர்ந்து இருந்தால் வேறு உத்தரவு தேவையில்லை. பழைய பாக்கியைக் கட்டச் சொல்வார்களோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான கோயில்களில் இந்த வருஷ வரியைக் கொடுத்து, ஒரு தேங்காய் உடைத்தால் பெயரைப் புதுப்பித்துவிடுவார்கள். சில இடங்களில் மற்றப் பங்காளிகள் கூடிச் சம்மதம் சொல்லவேண்டும். உண்டியலில் எவ்வளவு போட்டாலும் அந்தச் சம்மதத்துக்கு ஈடாகாது.

கோயிலுக்குள் போனதும் இன்னொரு குழப்பம் காத்திருக்கும். இருபத்தோரு தெய்வம் என்று வரிசையாகப் பீடங்கள். நடுவில் இருக்கிற பெரிய சாமியே நம் சாமி என்று மாலையைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். பல வகையறாக்களுக்குச் சாமி ஓரத்துப் பீடம்தான். எந்தப் பீடத்துக்கு முன்னால் உங்கள் வகையறா பொங்கல் வைக்கும் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தும் இரண்டு கோயில்களுக்கு இடையில் தீராமல் நின்றால், அப்போது பூக்கட்டிப் பார்ப்பதில் குற்றமில்லை. அதையும் ஒழுங்காகச் செய்யவேண்டும். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்குச் செவ்வரளி என்று எடுப்பது வழக்கம். எண்ணிக்கையில் சமமாக இருந்தாலும் கனத்தில் சமமாக இருக்காது, ஆகவே கையில் வைத்துப் பார்த்துச் சமப்படுத்துங்கள். ஈரம் துடைக்காத அரளி மெல்லிய தாளில் சாயம் ஏறிக் காட்டிக் கொடுத்துவிடும். வாழை இலைத் துண்டே நல்லது, ஒரே அளவில் நறுக்கி, ஒரே மாதிரி மடித்து, ஒரே நூலில் கட்டவேண்டும். கட்டினவர் எடுக்கக் கூடாது. எடுக்கிற பிள்ளை கட்டும்போது பக்கத்தில் இருக்கக் கூடாது. எந்தப் பூ வந்தால் எந்தக் கோயில் என்பதை முன்கூட்டியே நாலு பேர் காதில் விழச் சொல்லிவிடவேண்டும், வந்த பிறகு அர்த்தம் சொல்லக் கூடாது. "மூன்று தடவையும் வெள்ளையே வந்தது" என்று மெய்சிலிர்த்துச் சொல்வார்கள். எட்டுப் பேர் பூக்கட்டினால் ஒருவருக்கு அது தன்னாலே வரும். இரண்டில் ஒன்று என்று கேட்டால் ஏதோ ஒன்று வந்தே தீரும். இரண்டுமே நம் சாமி இல்லை என்றால் அதைச் சொல்லப் பொட்டலத்தில் பூ கிடையாது. அதனால்தான் கடைசியில் கேட்கச் சொல்வது.

குறிக்கு வருவோம். நல்ல கோடாங்கி "கிழக்கே போ, ஆற்றங்கரையில் கேள்" என்று வழி சொல்லி அனுப்புவார், போய்ப் பார்த்துச் சரிபார்க்கும் வேலை நம்மிடம் இருக்கும். உட்கார்ந்த இடத்திலேயே சாமி பெயரையும் ஊரையும் பரிகாரத்துக்கான தொகையையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

இனி பிடிமண். இந்தச் சொல்லுக்கு நம் பக்கத்தில் இரண்டு பொருள் உண்டு. கோயிலுக்கு மண் குதிரை எடுக்கிற புரவி எடுப்புக்கு முன் ஊர்க்காரர்கள் கண்மாய் மண்ணை ஒரு பிடி எடுத்து, மண் உருவம் செய்கிற வேளார் கையில் கொடுத்து, குதிரை செய்யச் சொல்வதும் பிடிமண்தான். பிழைக்கப் போன ஊருக்குச் சாமியைக் கொண்டுபோக எடுப்பதும் பிடிமண்தான். கோயிலில் போய் "பிடிமண் கொடுங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் திருவிழா எப்போது என்று கேட்பார்கள்.

எடுக்கும் முறை ஊருக்கு ஊர் வேறுபடும், பொதுவானதைச் சொல்கிறேன். பூசாரி சம்மதம் மட்டும் போதாது, பங்காளிகளில் மூத்தவர்கள் சம்மதம் வேண்டும். பொங்கல் வைத்து, தேங்காய் உடைத்து, வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்டபின் பூசாரியே பீடத்துக்கு முன்னாலிருந்து ஒரு பிடி எடுத்துத் தருவார். மஞ்சளில் நனைத்து நன்றாகக் காயவைத்த புதுத்துணியில் முடியவேண்டும். ஈரத் துணியில் முடிந்தால் நாலு நாளில் பூசணம் பூத்து நாற்றமெடுக்கும், வீட்டில் உள்ளவர்கள் சாமி குற்றம் என்று கலங்குவார்கள். பொங்கல் அடுப்புப் போட்ட இடத்து மண் வேண்டாம், அது வெறும் சாம்பல். புற்றடி மண் வேண்டவே வேண்டாம். கறையான் கூடவே வந்து புது வீட்டு நிலைக்கதவைத் தின்னும். கொண்டுபோகும் வழியில் மூட்டையைத் தரையில் வைக்கக் கூடாது என்பது கட்டு. கூடை இறங்கிய இடத்தில் சாமி தங்கிவிடும் என்ற அந்தப் பழைய கதைதான் இதற்குக் காரணம், ஆகவே பஸ்ஸில் போனாலும் மடியில் வைத்துத்தான் போவார்கள்.

கொண்டுபோன மண்ணை எங்கே வைப்பது என்பதை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். காவல் தெய்வத்தை வீட்டுக்குள் வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. சொந்த இடம் வேண்டும், பீடத்துக்கு அடியில் மண்ணை வைத்து மேலே கல் நிறுத்தவேண்டும், விளக்குப் போட ஆள் வேண்டும், வருஷத்துக்கு ஒரு பொங்கல் வேண்டும். அடுக்குமாடி வீட்டில் மூன்றாவது மாடியில் இருந்துகொண்டு பிடிமண் கேட்பவர்களுக்கு, ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன் வைத்து, அடுத்த தடவை போகும்போது உண்டியலில் சேர்க்கச் சொல்வதே சரி. வெளிநாடு போகிறவர்களுக்கும் அதுதான். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மண்ணைப் பெட்டியில் கொண்டுபோனால் விமான நிலையத்தில் வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள், அபராதமும் விழலாம்.

பிடிமண் கோயில் கட்டிய குடும்பங்கள் செய்கிற ஒரு தவறு, மூலக்கோயிலை விட்டுவிடுவது. முதல் தலைமுறை இரண்டு இடத்துக்கும் போகும், இரண்டாவது தலைமுறை கட்டட நிதி மட்டும் அனுப்பும், மூன்றாவது தலைமுறைக்குப் பிடிமண் கோயிலே ஆதிக்கோயில். அதன்பின் யாராவது பூர்வீகம் தேடி வந்தால் அந்த இடத்திலேயே தடம் அறுந்துவிடும். உங்கள் சாமி ஏற்கெனவே மதுரை நகருக்குள் ஒரு சந்தில் இருக்கிறது என்றால், அது எங்கிருந்து வந்த மண் என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

எதுவுமே கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். பஞ்சத்தில் தனி ஆளாக வந்து, ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லாமல் செத்துப்போன தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள். திருச்செந்தூர் முருகனைக் கும்பிடு என்று அவர்களுக்குச் சொல்வது பழக்கம். அதில் ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் அவர்கள் யாரிடமும் போய்ப் பரிகாரம் கேட்க வேண்டியதில்லை. தாத்தா கூடையை இறக்கிய இடத்தில் ஒரு விளக்குப் போட்டாலே போதும். அழகரே முன்னொரு காலத்தில் தேனூருக்குப் போய்க்கொண்டிருந்தவர், வழி மாறி மதுரைக்கு வந்தவர் என்கிறோம். வண்டியூரில் தேனூர் மண்டபம் அவருக்காக இன்றும் நிற்கிறது.

கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் வரி நோட்டில் ஆறாவதாக ஒரு பத்தி போடுங்கள்: பிடிமண் எடுத்த தேதி, எடுத்தவர், கொண்டுபோன ஊர். பழைய நோட்டுகளைச் சாமி பெட்டிக்குள் வைக்காதீர்கள், கற்பூரப் பிசுக்கும் எலியும் சேர்ந்து தின்றுவிடும். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா பெயரைத் தேடி வருகிற அன்பர்கள், கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதன்மேல் குங்குமம் வைத்துவிடுகிறார்கள். அடுத்து வருகிறவருக்கு அந்த எழுத்துத் தெரியாமல் போகிறது. குங்குமத்தைப் பீடத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
வரி நோட்டு எழுதும் ஒரு வாசகர்,
செக்கானூரணி, மதுரை மாவட்டம்.